கண்டக்டர் கை தூக்கிய ஞாயிறு

டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் கூடும் அந்தச் சபையில் முக்கியமான காரியங்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் நடக்கும். பிரசங்கம் முடிந்ததும் எல்லாரும் தலைகுனிந்து கண்களை மூட வேண்டும், யாரும் யாரையும் பார்க்கக் கூடாது. மனந்திரும்ப நினைப்பவர் அப்போது கையை உயர்த்தலாம். போதகர் குரலைத் தாழ்த்தி, "கையைப் பார்க்கிறேன், சகோதரரே. இறக்கிக்கொள்ளலாம்," என்பார். தூக்கியது யார் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும் என்பது ஏற்பாடு. ஆனால் படியிறங்கித் தெருவுக்கு வருவதற்குள் அது சபை முழுக்கத் தெரிந்திருக்கும். எப்படித் தெரிந்தது என்று மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் அத்தனை பேரும் ஓரக்கண்ணால் பார்த்தது வெளியே வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் சபைக்குள் பரிபூரண ஒற்றுமை இருந்தது.

மற்ற விஷயங்களில் கிடையாது. உண்மையில் அது இரண்டு சபை. தனித்தனியாக வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் ஒரே மாடியில் சேர்ந்துகொண்டவர்கள். இடப்பக்க பெஞ்சுக்காரர்கள், ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் அந்த இரட்சிப்பை இழக்கவே முடியாது என்பார்கள். அவர்களுக்குத் தலைவர் பல் டாக்டர். வலப்பக்கத்தாரோ, கொஞ்சம் அசந்தால் போயே போய்விடும் என்பவர்கள். அவர்களுக்கு இன்சூரன்ஸ் ஏஜெண்டு. காணிக்கைப் பை இரண்டு பக்கமும் போய் வருவதால் போதகர் நடுவில் நின்றார். இரட்சிப்பு மிகவும் முக்கியம் என்று மட்டும் சொல்லுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும் உட்காருவது கடைசி பெஞ்சில், ஜன்னலோரம். அந்த பெஞ்சு இடமும் இல்லை, வலமும் இல்லை. சுவரோரமாக நீளத்துக்குக் கிடக்கும், காற்று வரும். கண்டக்டருக்கு இந்தச் சண்டையெல்லாம் தலைக்கு மேலே போகும் சமாச்சாரம். அவர் நாள் முழுக்க ஓடுகிற வண்டியில் நிற்கிற மனுஷன். ஓடாத இடத்தில் உட்கார்ந்தால் கண் தானாகச் சொருகிக்கொள்ளும். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் மனைவியின் முழங்கை சரியான நேரத்தில் அவர் விலாவில் இறங்கும். அந்த முழங்கையின் தயவில்தான் அவர் இத்தனை வருஷமாக மரியாதையான விசுவாசியாக இருந்துவந்தார்.

ரோடு தாண்டும்போதும் அப்படித்தான். அவர் அவள் கையைப் பிடித்தால் பாதி ரோட்டில் ஏதோ நினைப்பில் விட்டுவிடுவார் என்பது அவள் கண்ட அனுபவம். அதனால் அவள்தான் அவர் மணிக்கட்டைப் பிடிப்பாள்.

மாதம் ஒருமுறை எல்லாரும் அப்பம் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்து அன்று அப்பத்தட்டு கடைசி பெஞ்சுக்கு வரும்போது ஒரே ஒரு துண்டுதான் மிச்சம் இருக்கும். எத்தனை முறை சொல்லியும் முன்பக்கத்தார் பெரிதாகப் பிட்டுக்கொள்ளுவதை விடவில்லை. அவள் அந்தத் துண்டை இரண்டாக்கி ஒரு பாதியை அவரிடம் தருவாள். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வழக்கம். சொல்லப்போனால் கண்டக்டர் அந்த மாடிப்படி ஏறுவதே அந்தப் பாதித் துண்டுக்காகத்தான்.

வில்லங்கம் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை வந்தது. கண்டக்டர் முந்தின நாள் லீவு போட்ட ஒருவனுடைய டூட்டியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு நேராகச் சபைக்கு வந்திருந்தார். மனைவிக்கு அன்றைக்குக் கீழே, கடைக்குப் பின்னால் உள்ள அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முறை. விலாவுக்குக் காவல் இல்லை. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். அவருக்கு இந்தச் சபைச் சங்கதி எதுவும் தெரியாது. எல்லாரும் கண்ணை மூடியதும், அந்த மாடியில் யாருமே கேட்கத் துணியாத ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"இரட்சிப்பை இழந்துவிட்டேன் என்று உணருகிறவர்கள் யாராவது இங்கே உண்டா? கையை மட்டும் உயர்த்துங்கள்."

கண்டக்டர் அந்த நேரம் கனவில் பஸ் ஸ்டாப்பில் இருந்தார். எல்லாரும் ஏறியாகிவிட்டது. ஒரு வயதான அம்மாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டாகிவிட்டது. போகலாம் என்று டிரைவருக்குச் சொல்ல வழக்கம்போல் வலது கை மேலே போய், மணிக்கயிற்றைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தது.

"கையைப் பார்க்கிறேன், சகோதரரே," என்றார் பிரசங்கியார், கரகரத்த குரலில். கை மறுபடி மேலே போனதும், "ஆமென், இன்னொரு கையையும் பார்க்கிறேன்," என்றார். அவருடைய மாதப் பத்திரிகையில் அது 'இருவர்' என்று வெளிவந்தது.

கண்டக்டர் கண் விழித்தபோது முன்பின் பேசியிராத ஒருவர் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

மறுநாள் மாலை இன்சூரன்ஸ் ஏஜெண்டு வீடு தேடி வந்தார். வந்தவர் கண்டக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். இரட்சிப்பை இழக்க முடியும் என்று இத்தனை காலம் தொண்டைத்தண்ணி வற்றப் பேசியும், யார் இழந்தது, ஆளைக் காட்டு என்று பல் டாக்டர் கேட்கும்போதெல்லாம் காட்ட ஆள் இல்லாமல் தலைகுனிந்தவர் அவர். இன்றைக்குத்தான் கர்த்தர் ஒரு ஆளைக் கொடுத்திருக்கிறார் என்றார். எந்தப் பாவத்தினால் இழந்தது என்று மட்டும் தெரிந்தால் நன்றாக இருக்கும், கொஞ்சம் பெரிய பாவமாக இருந்தால் இன்னும் உபயோகம் என்றும் சொன்னார்.

அவர் இறங்கிப் போகிற படியிலேயே பல் டாக்டர் ஏறி வந்தார். அவர் உட்காரவும் இல்லை. இரட்சிப்பை யாரும் இழக்க முடியாது, ஆகவே கண்டக்டரும் இழக்கவில்லை, ஆகவே கண்டக்டருக்கு அது முதலிலிருந்தே கிடையாது என்று வரிசையாகச் சொன்னார். ஞானஸ்நானம் எடுத்த நாளில் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டார். கண்டக்டர் நெற்றியைச் சொறிந்து, தண்ணீர் சில்லென்று இருந்தது, காதுக்குள் போய்விட்டது என்றார்.

"பாத்தீங்களா," என்றார் பல் டாக்டர் திருப்தியாக. "காதுல தண்ணி போனது ஞாபகம் இருக்கு. சந்தோஷம் ஞாபகம் இல்ல."

"சந்தோஷமாத்தான் இருந்துச்சுங்க. காது அடைச்சிருந்ததால சரியா வெளிய காட்டிக்கல."

இதெல்லாம் என்னத்துக்கு, தூங்கிவிட்டேன் என்று உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று கண்டக்டர் போதகரிடம் போனார். போதகர் கதவைச் சாத்தினார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பிரதர், என்ன வேணா சொல்லுங்க, தூங்கினேன்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றார். "இரட்சிப்பு போச்சுன்னா அதுக்கு ஒரு வழி இருக்கு, ஜெபம் பண்ணலாம். பிரசங்கத்துல தூங்கினாங்கன்னு ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லிட்டா, அப்புறம் ஒவ்வொருத்தரா சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. நான் இந்த சபைல இருக்க முடியாது."

அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கக் கண்டக்டருக்குப் பாவமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார். அவர் செய்த பிசகு அது ஒன்றுதான்.

இரட்சிப்பு நிலை ஆய்வுக் குழு என்று ஒன்று உடனே அமைந்தது. போதகர் தலைவர், பல் டாக்டரும் ஏஜெண்டும் உறுப்பினர்கள். குழு முதல் வேலையாக ஒரு பெஞ்சை எடுத்தது. ஆய்வு முடியும்வரை கண்டக்டர் இழந்தவரா இல்லாதவரா என்று தெரியாததால் அவரை எந்தப் பக்கமும் உட்கார்த்த முடியாது. கடைசி பெஞ்சில் விட்டாலோ கண்காணிக்க முடியாது. ஆகவே போதகரின் அறையிலிருந்த குட்டை பெஞ்சு நடுவழியில் போடப்பட்டது. அதற்குக் காத்திருப்பு பெஞ்சு என்று பெயரும் வைத்தார்கள். அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடும். இரண்டு பக்கத்தாரும் பிரசங்கத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தார்கள்.

திருவிருந்து ஞாயிறு வந்தது. தட்டு இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது, காத்திருப்பு பெஞ்சை ஒரு வளைவு வளைந்து தாண்டிக் கடைசி பெஞ்சுக்குப் போனது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். மிச்சமிருந்த துண்டு முழுசாக அவள் உள்ளங்கையில் இருந்தது. பழக்கத்தில் அதை இரண்டாகப் பிட்டுவிட்டாள். பிட்ட பிறகுதான் பக்கத்தில் ஆள் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. இரண்டு பாதியையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். இரட்சிப்பு போனதோ இல்லையோ, தன்னிடமிருந்து ஏதோ ஒன்று போய்விட்டது என்று கண்டக்டருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

பயம் வந்தால் கேள்வி வரும். தூக்கத்தில் கை தூக்கினது நிஜம். ஆனால் முழித்துக்கொண்டிருந்தால் தூக்கியிருக்கமாட்டோம் என்று என்ன நிச்சயம்? கைக்கே ஏதாவது தெரிந்திருக்குமோ? பஸ்ஸில் ஒரு ஆள் படியில் காலை வைத்து, "இது போகுமா?" என்று கேட்டபோது, "எனக்கே தெரியலைங்க," என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் அடுத்த பஸ்ஸில் போனான்.

குழு சும்மா இருக்கவில்லை. கனிகளினால் மரத்தை அறியலாம் என்று தீர்மானித்து, கண்டக்டரின் கனிகளை, அதாவது நடத்தையை, பார்வையிட அவருடைய பஸ்ஸிலேயே ஏறியது. போதகருக்கு அன்று பார்த்து இடுப்பு வலி. பல் டாக்டர் முன்வாசலில் ஏறி முதல் சீட்டிலும், ஏஜெண்டு பின்வாசலில் ஏறிக் கடைசி சீட்டிலும் உட்கார்ந்தார்கள்.

சில்லறையைச் சரியாகக் கொடுத்ததைப் பார்த்து ஏஜெண்டின் முகம் தொங்கிப்போனது. படியில் தொங்கிய ஒருத்தனை, "உள்ள ஏறுடா, உங்க அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?" என்று கண்டக்டர் சத்தம் போட்டதும் ஏஜெண்டு நம்பிக்கையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். கைப்பிள்ளைக்காரிக்கு ஆள் எழுப்பி இடம் வாங்கிக் கொடுத்ததைப் பார்த்த பல் டாக்டர், இரட்சிப்பே இல்லாத ஒருவன் எவ்வளவு தத்ரூபமாக நடிக்கிறான் என்று மனசுக்குள் வியந்துகொண்டார்.

டிக்கெட் கேட்டு வந்தபோது பல் டாக்டர் கையை அசைத்து, சபை வேலையாக வந்திருக்கிறோம் என்றார். பின்னால் ஏஜெண்டும் அதையேதான் சொன்னார். பல வருஷத்தில் இருவரும் ஒரே கருத்தைச் சொன்னது அன்றைக்குத்தான். அந்த நேரம் பார்த்து அடுத்த ஸ்டாப்பில் செக்கிங் ஆட்கள் நிற்பது தெரிந்தது. கண்டக்டர் பெருமூச்சு விட்டு, சட்டைப் பையிலிருந்து சொந்தக் காசைப் போட்டு இரண்டு டிக்கெட்டைக் கிழித்து இருவர் கையிலும் திணித்தார். அவர்கள் நன்றி சொல்லவில்லை. தாங்கள் காப்பாற்றப்பட்டதே அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் அறிக்கைகள் வந்தன. நற்செய்கைகளால் ஒன்றும் நிரூபணமாகாது என்று பல் டாக்டரும், தகுதியில்லாதவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் போக்கு கவலை அளிக்கிறது என்று ஏஜெண்டும் எழுதியிருந்தார்கள்.

கடைசி விசாரணை ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாடியில் நடந்தது. மறுநாள் திருவிருந்து. இன்றைக்கு முடிவாகாவிட்டால் அடுத்த மாதமும் அந்தக் குட்டை பெஞ்சுதான். மனைவியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் டூட்டி முடித்து, சோப்புத்தூள் வாசனையோடு நேராக வந்தாள்.

ஏஜெண்டு முதலில் எழுந்தார்.

"பாலிசி எடுத்தாச்சுன்னு வீட்ல போய்ப் படுத்துக்க முடியுமா? கட்டிட்டே இருக்கணும். ஒரு தவணை விட்டா போச்சு. புருஷன் செத்த அன்னிக்கு வந்து என் கால்ல விழுந்த பொம்பளைங்க இருக்காங்க. பாலிசி காலாவதி ஆயிடுச்சும்மான்னு சொல்லி அனுப்பியிருக்கேன். ஒரு தடவகூட நான் இளகினதில்ல. சாதாரண மனுஷன் நானே இப்படின்னா, ஆண்டவர் எப்படி இருப்பாரு?"

கண்டக்டர் மெதுவாக, தவணை எவ்வளவு என்று சொன்னால் கட்டிவிடலாமே என்றார். அதைச் சொல்லமாட்டார்கள், கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்றார் ஏஜெண்டு.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஒரிஜினல் பல்லு விழாது. விழுந்துச்சுன்னா அது ஒரிஜினல் இல்ல. விஷயம் அவ்வளவுதான்."

"உங்களுது ஒரிஜினல்னு எப்படிங்க தெரியும்?" என்று கண்டக்டர் கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

"இதுவரைக்கும் விழலையே."

"நாளைக்கு விழுந்தா?"

"விழுந்தா, இன்னிக்கும் ஒரிஜினல் இல்லன்னு அர்த்தம்." சொல்லி முடித்ததும் பல் டாக்டரின் நாக்கு தானாகக் கடைவாய்ப் பக்கம் போய் எதையோ தடவிப் பார்த்தது.

அப்புறம் அவர் கண்டக்டரின் மனைவி பக்கம் திரும்பினார். விசுவாசி அவிசுவாசியைக் கட்டக் கூடாது என்பது சபை விதி. இவருக்கு ஆரம்பத்திலிருந்தே இரட்சிப்பு இல்லையென்றால் அவர்கள் கல்யாணமே விதிமீறல். கல்யாணத்தின்போது இவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும்," என்றாள் அவள். "எங்க உக்காந்தாலும் தூங்கிடுவார்னு எங்க அப்பாவே சொன்னார். தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டேன். அன்னிக்கும் தூங்கித்தான் கைய தூக்கினார். இந்த ரூமுக்குள்ள அது தெரியாத ஆள் யாரு?"

போதகர் இருமினார். ஏஜெண்டு ஜன்னலைப் பார்த்தார். தூங்கினார் என்று ஒப்புக்கொண்டால் ஏஜெண்டுக்கு ஆள் போய்விடும், பல் டாக்டருக்கு வழக்குப் போய்விடும், போதகருக்குச் சபையே போய்விடும். ஆகவே அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

இதற்கு ஒரே வழிதான் என்று ஏஜெண்டு ஆரம்பித்தார். இழந்ததைத் திரும்பப் பெற கண்டக்டர் மறுபடி கையைத் தூக்க வேண்டும். தூக்கவே கூடாது, தூக்கினால் இழந்தது உண்மையென்று ஆகிவிடும் என்றார் பல் டாக்டர். தூக்கினால் வலப்பக்கம் ஜெயிக்கும், தூக்காவிட்டால் இடப்பக்கம் ஜெயிக்கும். எது ஜெயித்தாலும் பாதிப் பேர் கீழே இறங்கிப் போய் வேறு மாடி பார்ப்பார்கள். போதகர் நெற்றியில் வேர்த்து ஊற்றியது. பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"எல்லாரும் தலைகுனிஞ்சு கண்ண மூடுவோம்," என்றார். "யாரும் யாரையும் பார்க்க வேண்டாம். நானும் பார்க்கப்போறதில்ல. பிரதர் கைய தூக்கினா தூக்கட்டும், இல்லைன்னா விடட்டும். ஆண்டவர் பார்த்துக்குவார். பிரதர் ஆமென் சொன்னதும் நாம கண்ணத் திறந்து, எந்த முடிவா இருந்தாலும் ஸ்தோத்திரம்னு எழுதிடுவோம்."

மூன்று பேரும் கண்ணை மூடினார்கள். இந்த முறை நிஜமாகவே இறுக்கி மூடினார்கள். ஓரக்கண்ணைத் திறந்தது மற்றவனுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

கண்டக்டர் தன் வலது கையைப் பார்த்தார். காய்த்துப்போன கை. தூக்கவா, வேண்டாமா? தூக்கினால் எது திரும்பி வரும், தூக்காவிட்டால் எது நிற்கும் என்று யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. அழுகை வரும்போல் இருந்தது. அப்போது அவருடைய மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. சலவைத் தண்ணீரில் தோல் உரிந்த விரல்கள். அவள் ரோடு தாண்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

கீழே டைல்ஸ் கடைக்காரர், மேலே மீட்டிங் முடிந்ததா என்று கேட்டார்.

"ஜெபத்துல இருக்காங்க," என்றாள்.

சாயங்காலம் கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைக்க மேலே போன கடைக்காரர், மூன்று பெரிய மனுஷர்கள் தலைகுனிந்து அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். இப்படி ஒரு பக்தியை அவர் கண்டதில்லை. சத்தம் காட்டாமல் விளக்கையும் ஃபேனையும் அணைத்துவிட்டு, கால் நுனியில் இறங்கி வந்தார். வேர்வை தாங்காமல் முதலில் எழுந்தது யார் என்பது இன்றுவரை வெளியே வரவில்லை. இருட்டில் அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள் என்று மட்டும் கேள்வி.

மறுநாள் காலையில் கண்டக்டர் மாடியேறி வந்தபோது குட்டை பெஞ்சைக் காணோம். அவர் கடைசி பெஞ்சில் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார். பல் டாக்டர் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். ஏஜெண்டு வாயைத் திறந்து மூடினார். கண்டக்டர் கையைத் தூக்கவில்லை என்றோ, ஆளே அங்கே இல்லை என்றோ சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். குழு ஒருமனதாக ஜெபித்தது என்று மட்டும் போதகர் அறிவித்தார். ஸ்தோத்திரம் என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பிரசங்கம் நீண்டது. ஜன்னல் காற்று வந்தது. கண்டக்டரின் கண் சொருகியது. அன்றைக்கு அவள் முழங்கையால் இடிக்கவில்லை, தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள். எல்லாரும் தலைகுனிந்து கண்ணை மூடிய நேரம் அவர் கனவில் பஸ் நிறைந்து, எல்லாரும் ஏறியாகி, வலது கை மெல்ல மேலே கிளம்பியது. தோள் உயரத்துக்கு வருவதற்குள் அவள் அதைப் பிடித்துக் கீழே இறக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் பாத்துட்டேன்," என்று அவர் காதருகே சொன்னாள். "பேசாம தூங்குங்க."

அவர் விரல்கள் தூக்கத்தில் தளர்ந்து கிடந்தன. எதையும் பிடிக்கும் நிலையில் அவர் இல்லை. அப்பத்தட்டு கடைசி பெஞ்சுக்கு வந்தபோது வழக்கம்போல் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. அவள் அதை ஒற்றைக் கையாலேயே, கட்டைவிரலால் அழுத்தி, இரண்டாகப் பிட்டாள். மற்றக் கையை அவர் மணிக்கட்டிலிருந்து எடுக்கவில்லை.